ஆறுதலாப் போவம்

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். காலையில் கைபேசியைத் திறந்தால் உங்களில் யாராவது அனுப்பிய படம் ஒன்று வந்து கிடக்கிறது. ஒரு கோப்பை தேநீர், அதற்குப் பின்னால் கடல், அடியில் ‘மெல்ல வாழுங்கள், இந்தக் கணத்தில் இருங்கள்’ என்று எழுத்து. நான் பதில் போடுவதில்லை. அதைக் கோபம் என்று சிலர் எடுத்திருக்கிறீர்கள். கோபம் இல்லை, அருவருப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பதால் காரணத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது.

போன மாதம் நகரில் நடந்த வகுப்புக்கு உங்களில் ஒருத்திதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். மண்டபம் முழுவதும் பாய் விரித்திருந்தது. பயிற்சியாளர் வெளியூர்க்காரி, வெள்ளைச் சேலை, மெல்லிய குரல். எங்கள் ஒவ்வொருவருடைய உள்ளங்கையிலும் ஒரு முந்திரிகை வற்றலை, காய்ந்த திராட்சையை, வைத்தார். நாங்கள் பிளம்ஸ் என்று சொல்வோமே, அதுதான். அதன் சுருக்கங்களைப் பார்க்கச் சொன்னார். முகரச் சொன்னார். பிறகு வாயில் போட்டு, விழுங்கிவிடாமல், நிதானமாக மெல்லச் சொன்னார். பக்கத்தில் இருந்தவள் என் காதுக்குள், “ஆறுதலாச் சப்பட்டாம்” என்றாள்.

அந்தச் சொல்லும் சப்புகிற சத்தமும் ஒன்றாகக் காதில் விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு அத்தனை பேர் ஈரமாகச் சப்பினார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம். எச்சில் ஊறி இறங்குகிற சத்தம். நான் எழுந்து வெளியே போய்ப் பூச்சாடி மண்ணில் துப்பினேன். அப்போதும் வாய்க்குள் அந்தப் பிசுபிசுப்பு இருந்தது. வெளியே குழாயில் வாய் கொப்புளித்துவிட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். செருப்பை மட்டும் மறக்கவில்லை.

எனக்கு அந்தச் சத்தம் பழையது. அது பெரியமாமாவின் சத்தம்.

பெரியமாமா என்பது அம்மாவின் ஒரே தமையன். கல்யாணம் செய்யாதவர். நகரில் ஒரு கந்தோரில் கிளாக்கர். எண்பதுகளில், கச்சான் காற்று வீசத் தொடங்கிய மாதங்களில், எங்கள் லிங்கநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் வாடகைக்கு இருந்த அறை துறைமுகப் பக்கம் இருந்தது. அந்தச் சண்டைக் காலத்தில் அங்கே தனியாக இருப்பது சரியில்லை என்று அப்பாவே போய்க் கூட்டிவந்தார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவர் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு பித்தளை மூக்குப்பேணி, ஒரு சைக்கிள். சைக்கிளில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை. கந்தோருக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கையால் உருட்டிக்கொண்டே நடப்பார். ஏன் உருட்டுகிறார் என்று அப்பாவைக் கேட்டேன். முந்தி அந்தாள் சைக்கிளில் பறக்கிறவர், இப்போது வயது போகுதாக்கும் என்றார் அப்பா. அவருக்கு அப்போது நாற்பதும் ஆகியிருக்காது.

வீடு அவருடைய வேகத்துக்கு மாறியது. காலையில் கிணற்றடியில் உமிக்கரியால் பல்லைத் தேய்ப்பார். பிறகு ஈர்க்கை மடித்து நாக்கை வழிப்பார். தொண்டையின் அடியிலிருந்து எதையோ இழுத்துத் துப்புவது போல ஒரு ஓங்காளம், அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட மூச்சு, பிறகு திரும்பவும் ஓங்காளம். குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், நான் பாண் துண்டைச் சம்பலில் தொட்டுக்கொண்டு அதைக் கேட்டபடி இருப்பேன். கரிக்கோழை கிணற்றுக் கட்டில் வழிந்து காய்ந்து கிடக்கும். அம்மா தேங்காய்ப் பொச்சால் அதைத் தேய்த்துக் கழுவுவா. குளிக்கிற தண்ணீரையும் அம்மாதான் அள்ளி ஊற்றவேண்டும். அவர் குந்தியிருந்து ஒவ்வொரு வாளியையும் அனுபவிப்பார். தண்ணீர் தலையில் விழும்போது கண்ணை மூடிக்கொண்டு, “ஆறுதலா ஊத்து தங்கச்சி, குளிப்பு எண்டது ஓட்டப்போட்டி இல்லை” என்பார்.

சாப்பாடும் அப்படித்தான். பிட்டையும் பழத்தையும் விரல் நுனியால் பிசைந்து பிசைந்து கூழாக்கி, உருட்டி, வாயில் போட்டு, நாடி வலம் இடமாக அசைய அசையச் சப்புவார். வாய் மூடியிருக்காது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் யன்னலுக்கு வெளியே பார்ப்பார். முருங்கையில் புலுனிக் குருவி இருந்தால் அதைப் பற்றி எனக்குச் சொல்வார். பார் பிள்ளை, ஒருவரும் பாக்கிறேல்லை, எல்லாரும் ஓடுகினம் என்பார். அவர் சாப்பிட்டு எழும்பும்வரை அம்மா சாப்பிடுவதில்லை. அம்மாவின் தேத்தண்ணீர் அடுப்படியில் ஆடை கட்டி ஆறிப்போய் இருக்கும். அதில் சில நாட்களில் எறும்பு மிதக்கும். விரலால் எடுத்து எறிந்துவிட்டு ஒரே மடக்கில் குடிப்பா.

அயலில் பெரியமாமாவுக்கு நல்ல பெயர். ஹெலி சுற்றினாலும், தெருவில் ட்ரக் வண்டிகள் வரிசையாகப் போனாலும், மற்ற வீட்டு ஆண்கள் கதவைச் சாத்தினாலும், அவர் கதிரையை விட்டு அசையமாட்டார். மூக்குப்பேணியை உயரப் பிடித்து, உதட்டில் படாமல், நூல் போல விழும் தேநீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து எதிர்வீட்டு ரீச்சர், இந்த மனிசன் ஒரு முனிவர் என்று அம்மாவிடம் சொன்னா. அம்மா ஓம் என்றா. அந்த ஓமை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவ அப்போது ஒரு கையால் அரிசி புடைத்துக்கொண்டு, மறுகையின் புறங்கையை என் கழுத்தில் வைத்துக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தா. கண் வாசலில் இருந்தது. தெருவில் போகும் செருப்புச் சத்தத்தை வைத்தே யார் போகிறார் என்று சொல்லுவா. விறகு ஈரம் என்று எரிப்பதற்கு முன்பே மணத்தில் கண்டுபிடிப்பா. ஒருவரும் அவவை முனிவர் என்று சொன்னதில்லை. பதறின மனிசி என்றுதான் சொன்னார்கள்.

சின்னம்மா கிளிவெட்டியில் கல்யாணம் செய்து இருந்தா. அம்மாவுக்கும் பெரியமாமாவுக்கும் இளையவ. அங்கே போக, நகரத்து இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் மூதூருக்குக் கடலைக் கடந்து, பிறகு பஸ்ஸோ டிராக்டரோ பிடிக்கவேண்டும். மூதூரிலிருந்து தயிர் கொண்டுவரும் ஒரு முஸ்லிம் வியாபாரி எங்கள் வீட்டுக்கு வருவார். தயிர் நானா என்போம். சின்னம்மாவின் வீட்டுக்காரரோடு அவருக்குப் பழக்கம். எங்கள் கடிதமும் சுகச்செய்தியும் அவர் வாயால்தான் வந்து போகும். தயிர்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, முந்தின முறை தந்த வெறுஞ்சட்டிகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு போவது அவருடைய வழக்கம்.

ஒரு பின்னேரம் அவர் வந்தார். படலைக்குள் வராமல் நின்று, அம்மாவைக் கூப்பிட்டு, “தங்கச்சி, உங்கட தங்கச்சிக்குக் காய்ச்சல் விடுதில்ல. எழும்ப ஏலாமக் கிடக்கா. அக்காவ வரச் சொல்லுங்க எண்டு என்னட்டச் சொல்லி விட்டவ. நாளைக்கே வாங்க” என்றார். அம்மா கொடுத்த தேத்தண்ணீரை நின்றபடியே குடித்தார். போய்விட்டார்.

அம்மா படலையைச் சாத்தினா. பிறகு குசினி வாசலைப் பார்த்தா. வெறுஞ்சட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைத்தபடியே இருந்தன.

அன்று பொழுதுபடும் நேரம் அம்மா பெரியமாமாவிடம், நாளைக்குக் காலை லோஞ்சுக்குப் போகவேண்டும், அது போனால் பிறகு லோஞ்சு ஓடாது என்றா. யார் சொன்னது என்று கேட்டார் அவர். ஒருவரும் சொல்லவில்லை, நானா சட்டி எடுக்கவில்லை என்றா அம்மா. பெரியமாமா சிரித்தார்.

“சட்டிக்கும் லோஞ்சுக்கும் என்ன கதை தங்கச்சி?”

“திரும்பி வாற ஆள் எண்டா எடுத்திருப்பார்.”

அவர் அதை ரசித்தார். பிறகு என்னைப் பார்த்து, உன்ர கொம்மா ஒரு துப்பறியிற ஆள் என்றார். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அப்பாவுக்குச் சீனன்குடாவில் வேலை; நிலைமை பிழையாய்ப் போனால் வேலைக்குப் போனவர்களை உள்ளேயே மறித்துவிடுவார்கள், அந்தக் கிழமை முழுக்க அவர் வீட்டுக்கு வரவே இல்லை. இறங்குதுறையில் ஆட்களை மறித்துச் சோதிக்கிற நேவிக்காரரின் சென்றி இருந்தது. ஆண் துணை இல்லாமல் அந்த வழியால் போகக்கூடாது என்பது அப்பா சொல்லிவைத்த சட்டம், அயலும் அதையே சொன்னது. உண்மையில் அந்தக் காலத்தில் சென்றியில் மறிபட்டவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களும் பிள்ளைகளும் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஆனாலும் ஆண் துணை வேண்டும் என்றுதான் எல்லாரும் நின்றார்கள். இதைவிட முட்டாள்தனமான ஒழுங்கு ஒன்றை நான் பிறகு எங்கேயும் காணவில்லை.

காலையில் நான் எழும்பும்போது பை கட்டியாகிவிட்டது. அதற்குள் காய்ச்சல் குளிசை, ஒரு பழைய பருத்திச் சேலை, துண்டு துண்டாக நறுக்கிய இஞ்சி. தனியாக, ஊற்றியது சூடு ஆறாமல் இருக்கிற ஒரு சிவப்புச் சுடுதண்ணிப் போத்தல். அப்பா சீனன்குடாவில் யாரோ கப்பல்காரரிடம் வாங்கியது, மூடியே கோப்பையாகும். எங்கள் வீட்டில் அதைவிட ஆடம்பரமான பொருள் இருக்கவில்லை. அதில் வறுத்து இடித்த கொத்தமல்லியை அவித்து ஊற்றியிருந்தா அம்மா. சின்னம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கொத்தமல்லித் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் அம்மா அவித்ததாக இருக்கவேண்டும்.

பெரியமாமா நாக்கு வழித்தார். குளித்தார். பிட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். பையையும் போத்தலையும் பிடித்துக்கொண்டு அம்மா வாசலில் நின்றா, நான் அவவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சப்புகிற சத்தம் விறாந்தைவரை கேட்டது. அன்றைக்கு வழக்கத்தைவிட நுணுக்கமாகப் பிசைந்தார். பிசைந்ததை மறுபடி பிரித்து மறுபடி பிசைந்தார். விரலிடுக்கில் வழிந்த வாழைப்பழத்தை நக்கினார்.

“அண்ணை, கெதியா வாங்கோ. சனம் வந்து நிரம்பியிருக்கும்.”

“ஆறுதலாப் போவம் தங்கச்சி. ஓடுறவைக்குத்தான் லோஞ்சு தவறும்.”

அந்த வாசகத்தை நன்றாக நினைவில் வையுங்கள். நான் அதற்குத் திரும்ப வருவேன்.

சைக்கிள் காண்டிலில் பையைக் கொழுவி உருட்டிக்கொண்டு நடந்தார். போத்தலை அம்மா விடவில்லை. ஒவ்வொரு சென்றியும் தெரியும் முன்பே அவருடைய நடை இன்னும் தளர்ந்துவிடும். ஒரு வேம்பின் கீழ் நின்று முகம் துடைத்தார். ஒரு மதிலில் ஓடிய அரணையைக் காட்டினார். சீமெந்துக் கட்டு ஒன்றில் இருந்து சப்பாத்தைக் கழற்றி, இல்லாத கல்லைத் தட்டினார். அம்மா முன்னால் போவா, திரும்பிப் பார்ப்பா, திரும்பி வருவா. அப்படியே அந்த வழியை அவ இரண்டு மடங்காக நடந்திருப்பா. காற்று எங்கள் பக்கம் வீசியபோது லோஞ்சின் ஊதல் ஒருமுறை கேட்டது.

இறங்குதுறையில் இரண்டு வரிசை. ஆண்களுடையது நீளம். பெண்களுடையது குட்டை. நீங்கள் போய் நில்லுங்கள், நான் வருகிறேன் என்றார் பெரியமாமா. சோதிக்கிற பெண் ஒருத்தி அம்மாவின் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். கொத்தமல்லி மணம் எழும்பியது. மூடிக் கொடுத்தாள், கையால் போ என்று காட்டினாள். நாங்கள் தடையைத் தாண்டிவிட்டோம். இதை அழுத்திச் சொல்கிறேன்: நாங்கள் உள்ளே போய்விட்டோம். மரப்பலகை எங்கள் காலுக்குக் கீழே ஆடியது. லோஞ்சுக்காரர் பெண்களைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா திரும்பிப் பார்த்தா. பெரியமாமா வரிசையில் இல்லை. தூரத்தில் ஒரு வாகை மரத்தடியில், சைக்கிளைப் பிடித்தபடி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கையை ஆட்டினா. அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பொறு என்று அர்த்தம்.

துணைக்கு வந்த தமையனை விட்டுவிட்டு எப்படி ஏறுவது. நகைக்க வேண்டாம், அன்றைக்கு அது பெரிய விசயம். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தா. மரத்தடிக்குப் போய், வாங்கோ அண்ணை, வாங்கோ என்றா. அவர் வருகிறேன் வருகிறேன் என்றார். ஒரு அடி வைத்தார். சென்றியைப் பார்த்தார். நின்றார். பிறகு என் தோளில் கையை வைத்து, கரையோரத்துக்குக் கூட்டிப் போனார்.

“இஞ்ச பார் பிள்ளை, கடல் எவ்வளவு அமைதியாக் கிடக்கு. இப்பிடி ஒருநாளும் பாத்திருக்கமாட்டாய். ஆறுதலாப் பார்.”

நான் பார்த்தேன். சொன்னால் செய்கிற பிள்ளை. தண்ணீரில் டீசல் படை நீலமும் ஊதாவுமாக விரிந்து சுருங்கியது. தூணின் அடியில் செத்த பேத்தை மீன் ஒன்று வயிறு ஊதி வெளுத்து மல்லாந்து கிடந்தது. அலை வரும்போதெல்லாம் தூணில் முட்டி, சொத் என்று ஒரு சத்தம் செய்தது. அதன் வாய் திறந்திருந்தது. சின்னப் பற்கள், மனிதப் பற்கள் போல. கண் இருந்த இடத்தில் சின்ன மீன்கள் கொத்தின. அழுகலும் எண்ணெயும் சேர்ந்த மணம் தொண்டைக்குள் இறங்கியது. அந்த முட்டுகிற சத்தத்துக்கு மேலாக இயந்திரத்தின் சத்தம் எழும்பியது. நிமிர்ந்தபோது லோஞ்சு கரையை விட்டுவிட்டது. அம்மா தடைக்கு இந்தப் பக்கம் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றா. லோஞ்சு எதிரே தெரிந்த சின்னத் தீவின் மறைவுக்குள் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

கணத்தில் இருப்பது என்கிறீர்களே, அன்று நான் அதில் முழுதாக இருந்தேன். இன்றும் கண்ணை மூடித் தண்ணீரை நினை என்று யாராவது சொன்னால் எனக்கு வருவது அந்த மீன்தான்.

நாளைக்கும் ஒன்று இருக்குத்தானே என்றார் பெரியமாமா. திரும்பும் வழியில் அவருடைய நடை நன்றாகக் கெதியாகிவிட்டது. அதை அப்போதே கண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா பையை அவிழ்க்காமல் மூலையில் வைத்தா. போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினா. பெரியமாமா கதிரையில் சாய்ந்தார். போத்தலைத் திறந்தார். ஆவி வந்தது, இன்னும் சூடு. வீணாக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டு, மூக்குப்பேணியில் ஊற்றி, அண்ணாந்து, கண்ணை மூடி, மிடறு மிடறாகக் குடித்தார். தொண்டைக்குழி ஏறி ஏறி இறங்கியது. அம்மா முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்து அதைப் பார்த்தா. அவர் கண்ணைத் திறந்து, நல்ல பதமா அவிச்சிருக்கிறாய் தங்கச்சி என்றார்.

அடுத்த நாள் லோஞ்சு ஓடவில்லை, நேவி மறித்துவிட்டது. அதற்கடுத்த நாளும் இல்லை. கச்சான் காற்று முடிந்து மழை தொடங்கும்வரை இல்லை. சட்டிகள் கவிழ்த்தபடி இருந்தன. அவற்றின் அடியில் பூரான் குடியேறியது. நிலவழியால் சுற்றிச் சுற்றி வந்த ஒருவர்தான் செய்தி கொண்டுவந்தார். நாங்கள் போக நினைத்த அந்தக் கிழமையே சின்னம்மா போய்விட்டா. எரித்து, காரியமும் முடிந்துவிட்டது. கடைசி நாட்களில், படலை தெரிகிற பக்கம் தலையை மாற்றிவிடச் சொல்லிக் கேட்டாவாம். வந்தவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா அதையும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டா. அவருக்குச் சோறு போட்டா.

சனம் துக்கம் விசாரிக்க வந்தது. பெரியமாமா விறாந்தையில் இருந்து எல்லாரையும் வரவேற்றார். நடக்கிறது நடக்கிற நேரத்தில்தான் நடக்கும், நாங்கள் அந்தரப்பட்டு ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் ஒரே குரலில் சொன்னார். சொந்தத் தங்கை போய்விட்டா, இந்த மனிசன் கல்லுப்போல இருக்கிறார் என்று எதிர்வீட்டு ரீச்சர் வியந்தா. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் போட்டுப் போட்டு அம்மா அடுப்படியிலேயே நின்றா. நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சனம் குறைந்த பிறகு பெரியமாமா குசினி வாசலுக்கு வந்தார். மூக்குப்பேணி கையில் இருந்தது.

“அழாதை தங்கச்சி. ஆறுதலா இரு.”

அம்மா அழவில்லை. வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தா. திரும்பிப் பார்க்காமலே சொன்னா.

“உங்கட ஆறுதல் எனக்குக் காணும் அண்ணை. போதும்.”

நமது ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கம். அவசரமில்லாமல் செய்வதும் ஆறுதல்தான், இழவு வீட்டில் சொல்வதும் ஆறுதல்தான். அம்மா எந்தப் பக்கத்தால் வெட்டினா என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். பேணியை நீட்டின கை நீட்டினபடியே நின்றது. பிறகு அதை மெல்லத் தாழ்த்தி வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து அம்மா அவருக்குத் தண்ணீர் அள்ளவில்லை. சாப்பாட்டை நேரத்துக்குப் போட்டு மூடிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தா. குளிர்ந்துபோன சோற்றை, சொதியில் ஆடை மிதக்க, அவர் தனியாக இருந்து சப்புவார். மழை தொடங்கிய பிறகு கந்தோர்ப் பக்கம் ஒரு அறை பார்த்துப் போனார். மூக்குப்பேணியை எடுத்துப்போக மறந்துவிட்டார். சிவப்புப் போத்தலும் அதுவும் பின்னர் ஒரு இடப்பெயர்வில் காணாமல்போயின. அந்த இரண்டுக்காக நான் வருந்தவில்லை.

அவர் பல வருடம் கழித்து இறந்தார். செத்தவீட்டில் கொடுத்த அஞ்சலித் தாளில் ‘பதற்றம் அறியாத பெருமகன்’ என்று அச்சடித்திருந்தது. அதை வாசித்துக்கொண்டு இருந்தபோது அவருடன் கந்தோரில் வேலை செய்த ஒரு வயதானவர் அப்பாவோடு கதைத்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

பெரியமாமா எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்திய மாதம் நடந்ததாம். ஒரு அலுவலாக மூதூருக்குப் போக வெளிக்கிட்டவர், லோஞ்சு வெளிக்கிடப்போகிறது என்று சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்குதுறைக்கு ஓடினாராம். ஓடுகிறவனை அந்த நாளில் விடுவார்களா. பிடித்து, சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் கட்டி, வெயில் கொதிக்கும் சீமெந்தில் பொழுதுபடும்வரை முழங்காலில் வைத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டபோது சிரித்தார்கள். காற்சட்டை நனைந்துவிட்டது. மூதூருக்குப் போகிற சனம், வருகிற சனம், எல்லாம் பார்த்துக்கொண்டு போனது.

“அண்டைக்குப் பிறகு அந்தாள் ஒருநாளும் ஓடேல்லை” என்றார் அந்த முதியவர்.

ஓடுறவைக்குத்தான் லோஞ்சு தவறும். அவர் அன்று காலை பிட்டுக்கு முன்னால் இருந்து சொன்னது தத்துவம் இல்லை, நடந்த சம்பவம். நான் அதை அறிந்தபோது ஒரு கணம் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய்யில்லை. அவரை முழங்காலில் வைத்தவர்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இரக்கம் வந்த இடத்தில் அருவருப்பு போய்விடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவ துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தா. எனக்குத் தெரியும் என்றா. எப்போதிருந்து என்று கேட்டேன். அந்த மரத்தடியில் பார்த்தபோதே தெரியும், சைக்கிள் மணி கிலுங்காமல் விரலால் பொத்திப் பிடித்திருந்தவர் என்றா. உதறுவதை நிறுத்தவில்லை.

“பயம் பிழையோ? எல்லாருக்கும்தான் பயம். ‘எனக்குப் பயமாக் கிடக்கு, நீ போ’ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் உன்னைக் கூட்டிக்கொண்டு ஏறியிருப்பன். அவர் கடலைப் பார் எண்டவர்.”

நான் சொல்லவந்தது இவ்வளவுதான், நண்பர்களே. மெல்ல நடப்பதில் எனக்கு விரோதம் இல்லை. என் முழங்காலே இப்போது அதைத்தான் செய்கிறது. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் ஒரேயொரு ஆள்தான் எல்லாவற்றையும் கண்டது, கேட்டது, முகர்ந்தது, தொட்டறிந்தது. அந்த ஆள் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடாமல் இருந்து புலுனி பார்த்தவருக்குத் தன் தங்கை சாவது தெரியவில்லை, கவிழ்ந்த சட்டி தெரியவில்லை. அவருடைய ஆறுதலுக்கு வேண்டிய தண்ணீரை வேறொருத்தி அள்ளினா. உங்கள் படங்களில் வருகிற அந்தக் கோப்பைத் தேநீரைப் பார்க்கும்போது, அதைப் போட்டவள் எங்கே நிற்கிறாள் என்றுதான் என் கண் தேடுகிறது.

இன்று காலை அம்மாவுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அவவுக்கு இப்போது முதுகு வளைந்துவிட்டது. வழக்கம்போலக் குசினியில் நின்றபடியே, சேலைத் தலைப்பால் கோப்பையைப் பிடித்து, ஆவி பறக்கப் பறக்கக் குடித்தா. உதடு சிவந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, இருந்து குடியுங்கோ அம்மா, என்ன அவசரம் என்றேன். அந்தப் பழைய சொல் என் வாயிலும் வரவில்லை; இந்த வீட்டில் அதை நாங்கள் பாவிப்பதில்லை.

அம்மா கோப்பைக்கு மேலால் என்னைப் பார்த்தா.

“ஆறிப்போடும் பிள்ளை” என்றா.